கயிறு யார் கையில்?

1

சில மாதங்களுக்கு முன் சென்னை நண்பன் ஒருவன் அழைத்தான். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பயண நிறுவனம் ஆரம்பித்திருக்கிறான். வேன் பிடித்து ஊட்டிக்குக் கூட்டிப்போகிற பழைய வியாபாரம் இல்லையாம், 'சூழல் சுற்றுலா'வாம். முதல் திட்டம் மன்னார் வளைகுடா. இரண்டு இரவு, மூன்று பகல். கண்ணாடித் தளம் வைத்த படகில் பவளப்பாறை, உப்பளத்தில் அஸ்தமனம், மீனவர் வீட்டில் மதியச் சாப்பாடு, கிளம்பும்போது ஆளுக்கொரு மக்ரூன் பொட்டலம்.

"நீ ஊர்க்காரன், எழுதுறவன் வேற. முத்து, பவளம், கொற்கை, பனிமய மாதா எல்லாத்தையும் சேர்த்து ஆயிரம் வார்த்தை எழுதிக் குடு மச்சி. படிச்ச உடனே டிக்கெட் போடணும்" என்றான். பேசிய தொகையில் பாதியை அன்றைக்கே அனுப்பியும் விட்டான். அந்த மாதம் எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாள் உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை. ஐந்தாம் நாள் திரேஸ்புரத்தில் மாமா வீட்டுக்குப் போனேன். முப்பது வருடம் சங்கு குளித்தவர். இப்போது காது சரியாகக் கேட்காது. ஆழத்துக்குப் போய் வந்த காதுகள் கடைசியில் அப்படித்தான் ஆகும். நண்பனின் திட்டத்தை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி மருமவனே. கயிறு யாரு கையில?"

நண்பன் கேட்ட விளம்பரத்தை என்னால் எழுத முடியவில்லை. மாமாவின் கேள்வியை மட்டும் இங்கே விரித்து எழுதுகிறேன்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முத்துக்குளிப்பில் குளியாளி கல்லில் கால் வைத்து அதன் கனத்தில் கடலுக்குள் இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து இழுப்பு வந்ததும் மேலே தூக்க வேண்டும். அந்த நேரத்தில் கவனம் பிசகினால் ஆள் பிணமாகத்தான் வருவார். அதனால் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதாவது மனைவியின் உடன்பிறந்தவர். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான்.

கேட்பதற்குப் பாசக் கதை மாதிரி இருக்கும். அதற்குள் கணக்கு இருக்கிறது. கயிறு நழுவினால் அந்த நஷ்டம் கயிறு பிடித்தவன் வீட்டிலும் விழ வேண்டும். விழாது என்றால் அவனிடம் கயிற்றைக் கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவதும் அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் இன்று பேசப்படுகிற சூழல் சுற்றுலாவில், கடல் செத்தால் எதையும் இழக்காதவர்கள் கையில் கயிறு இருக்கிறது. அதை மாற்றாமல் அதற்கு என்ன பச்சைப் பெயர் வைத்தாலும் அது கடலைக் காக்காது.

இந்தக் கடலைச் சீசன் வைத்து விற்பது புதிதில்லை. பாண்டியருக்குக் கொற்கை முத்து. பிறகு போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர், கடைசியில் நம் அரசு. கையெழுத்துப் போட்டவர்கள் மாறினார்கள், முறை பெரிதாக மாறவில்லை. முத்துப் பார்கள் அரசின் சொத்து. குளிப்பு எப்போது என்று அரசு அறிவிக்கும். இரு கரைகளிலிருந்தும் குளியாளிகளும் வியாபாரிகளும் வந்து குவிவார்கள். வெறும் மணலில் கொட்டகைகள் போட்டு ஒரு தற்காலிக ஊரே எழும்பும். குளிப்பு முடிந்ததும் சிப்பி அழுகிய நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டு அந்த ஊர் மறைந்துவிடும்.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஜோ டி குருஸின் 'கொற்கை'யைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பேராசைக்கார ஏற்பாட்டிலும் இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, அரசு காத்திருந்தது. குளிப்பு அறிவிப்பதற்கு முன் ஆளை இறக்கிப் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தைப் பிரித்து, விலை மதிப்பார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற அதிகாரிகள் இந்தப் பார்களைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். சிப்பி முதிரவில்லை என்றால் அந்த வருடம் குளிப்பு கிடையாது. 1920களின் இறுதியில் நடந்த குளிப்புக்குப் பிறகு 1955 வரை பார்கள் சும்மா கிடந்தன. கருணையால் இல்லை, காசு தேறாது என்பதால். ஆனாலும் காத்திருந்தார்கள்.

இரண்டு, குளியாளிக்குக் கொடுத்தது கூலி இல்லை, பங்கு. ஆங்கிலேயர் காலத்தில் கரையிலேயே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. அவர் கண் முன்னால், சிப்பியாகவே. அந்தக் குவியலில் ராஜமுத்து இருந்தால் அதுவும் அவருக்குத்தான்.

கடைசிக் குளிப்பு 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. ஆனால் பாரில் சிப்பி பழையபடி திரும்பவில்லை. அறுபது வருடத்துக்கு மேலாகியும் ஊரை 'முத்துநகர்' என்றுதான் சொல்கிறோம். ரயிலுக்கும் அந்தப் பெயர்தான்.

இப்போது நண்பனின் திட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அரசு அனுமதிக்கும், சீசன் இருக்கும், வெளியூர்க் கூட்டம் வரும். காத்திருப்பதும் பங்கு கொடுப்பதும் மட்டும் காணாமல் போயிருக்கின்றன. குளியாளியின் பேரன் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறவனாக, நாள் சம்பளத்துக்கு நிற்பான்.

3

எங்கள் குடும்பத்தின் கையும் சுத்தமில்லை.

தாத்தா காலத்தில் வள்ளத்தில் போய்ப் பவளக்கல் உடைத்து வருவார்கள். கடப்பாரை, கயிறு, கூடை. கல் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும், ஆலைகளுக்குப் போகும், வீடு கட்டவும் போகும். எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் கல்லைத் தடவினால் தேனடை மாதிரி கண் கண்ணாக இருக்கும். சின்ன வயதில் அதற்குள் தீக்குச்சி விட்டு விளையாடுவேன். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே, தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவிக்கப்பட்ட தீவுகள் 21. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. ஒன்று கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி. இன்னொன்று எங்கள் பக்கத்து விலாங்குசல்லி. தீவைச் சுற்றி இருந்த பவளத் திட்டுதான் அலையின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்தது. திட்டை நாங்கள் உடைத்தோம், தீவை அலை கொண்டுபோனது. காரியாசல்லித் தீவு 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2018இல் 6 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவு கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்குப் போனது. 2015இல் தொடங்கிக் கடலுக்குள் ஆயிரக்கணக்கான செயற்கைப் பார்களை இறக்கி அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். நல்ல வேலை, பாராட்டத்தான் வேண்டும். எங்கள் தாத்தாக்கள் வள்ளக்கணக்கில் உடைத்து விற்றதை நாம் சிமெண்டில் வார்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. சரியான முடிவு. ஆனால் கல் உடைத்தவர்களுக்கு மறுநாள் காலை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கல்லை வாங்கிய ஆலை முதலாளி வேறு இடத்தில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டார். வழக்கு வந்ததெல்லாம் வள்ளத்துக்காரன் மேல்தான்.

ஆகவே "மீனவர் எல்லாம் இயற்கையின் பிள்ளைகள்" என்று நான் எழுதப்போவதில்லை. பசித்தால் மீனவனும் பவளத்தை உடைப்பான். விசைப்படகு இழுமடி போட்டுக் கடலின் அடிவயிற்றைச் சுரண்டுகிறதே, அதை ஓட்டுகிறவனும் எங்கள் ஆள்தான். அதை எதிர்த்துச் சண்டை போடும் நாட்டுப்படகுக்காரனும் எங்கள் ஆள்தான். நான் சொல்வது வேறு. கடலோடு நீண்ட நாள் கணக்கு வைத்திருப்பவன், இன்று செய்த தப்பை நாளை தன் வலையில் பார்க்கிறான். பார்த்த பிறகு திருந்தவும் செய்கிறான். பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே பேசி வைத்து, மாதத்தில் பாதி நாளுக்கும் மேல் கடலில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். எந்தத் துறையும் அவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தி அதைச் சொல்லித்தரவில்லை. மூன்று நாள் பயணிக்கு இந்த நாளைக் கணக்கு வர வாய்ப்பே இல்லை. அவன் கெட்டவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ரயிலேற வேண்டியவன்.

4

2024 மே மாதம் நானும் கண்ணாடிப் படகில் போனேன். எந்த ஊர், யார் நடத்துவது என்பதெல்லாம் வேண்டாம். என் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த குடும்பம். தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான், ஆனாலும் அடி தெரிந்தது. படகு பவளத்துக்கு மேலே வந்ததும் எல்லோரும் குனிந்தோம்.

வெள்ளை. தும்பைப்பூ வெள்ளை. மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், மூளை மாதிரி சுருண்ட பவளம், எல்லாம் சுண்ணாம்படித்தது போல.

வழிகாட்டிப் பையன் உற்சாகமாகச் சொன்னான்: "சார், இது ஒயிட் கோரல். ரொம்ப அபூர்வம். உங்க லக்கு இன்னைக்குத் தெரியுது." அந்த வீட்டுச் சின்னப்பெண் கைதட்டினாள். அவளுடைய அப்பா செல்போனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படம் எடுத்தார்.

பவளத்துக்கு நிறம் கொடுப்பது அதன் உடம்புக்குள் வாழும் நுண்பாசி. பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியும் அதுதான் தருகிறது. எங்கள் கடலில் தண்ணீரின் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். தள்ளியதும் வெளுத்துப்போகும். சீக்கிரம் வெப்பம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 2016 கோடையில் இப்படித்தான் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப்பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. 2024இல் உலகம் முழுக்கவே கடல் வெந்தது. அந்தச் சின்னப்பெண் கைதட்டியது ஒரு பட்டினிக்கு.

பையனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். "இது சாகக் கெடக்கு, இன்னைக்குப் படகைத் திருப்பிருவோம்" என்று சொல்லும் அதிகாரம் அவனிடம் இல்லை. சொல்லியிருந்தால் மறுநாள் வேலையும் இருந்திருக்காது. கயிறு அவன் கையில் இல்லை.

இப்போது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். எங்கள் பவளம் வெளுக்கும் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். சுற்றுலாவுக்கு அறுவடைக் காலம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகைக் கரையில் கட்டிப்போடுகிறோம். அதே நாட்களில், நோயில் கிடக்கும் பவளத்தின் தலைக்கு மேலே, வேடிக்கை பார்க்கப் படகு விடுகிறோம். படகின் புரொபெல்லர் கிளப்பும் மண்ணும், நங்கூரமும், சன்ஸ்கிரீன் பூசிய உடம்புகளும் ஐ.சி.யூ. வாசலில் நடக்கும் கச்சேரிதான்.

முத்துக்குளிப்பு நடத்திய வெள்ளைக்காரன் இதைச் செய்திருக்கமாட்டான். பாரைச் சோதிக்காமல் அவன் ஒரு படகைக்கூட இறக்கியதில்லை.

5

யார் கடலுக்குள் போகலாம் என்று சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் எந்தெந்தக் காரணத்துக்காக நுழைய அனுமதிச்சீட்டு கொடுக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான கொடுக்கல் வாங்கல். தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவுதான். சுற்றுலா அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தீவில் வலை உலர்த்தி, கஞ்சி காய்ச்சி, காற்று மாறும்வரை ஒதுங்கி நின்றவனின் பிழைப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

அதே சட்டத்தின் 26ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. கடற்பகுதியைச் சேர்த்து அறிவிக்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதுமான ஏற்பாடு செய்த பிறகே எல்லையை முடிவு செய்ய வேண்டும். இந்த வரியை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கட்டுமானம் கூடாது என்று ஒதுக்கிய கரையிலும் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு இடம் கொடுத்தது. மக்கள் நெருக்கமான கிராமப்புறக் கரைகளில் அந்தத் தடைப் பகுதியின் அகலத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கவும் செய்தது. சட்டம் இளகும்போதெல்லாம் யார் பக்கம் இளகுகிறது என்று கவனியுங்கள்.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடலைக் கெடுத்தது கூடை தூக்கிய தாத்தா மட்டும்தானா? 1979இலிருந்து இயங்கும் அனல்மின் நிலையம் கடல்நீரை உறிஞ்சிக் குளிர்வித்துக்கொண்டு, சூடான தண்ணீரைக் காரப்பாடு விரிகுடாவில் விடுகிறது. 30 பாகைக்கு வெளுத்துப்போகிற உயிர்கள் வாழும் கடலில்! தாமிர உருக்காலைக்குக் கொடுத்த தடையின்மைச் சான்றில், சூழல் முக்கியத்துவம் உள்ள இடத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ஆலை நின்றதோ எங்கள் தீவுகளிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில். 2013இல் உச்ச நீதிமன்றம் மாசுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, ஆலையைத் தொடர்ந்து நடத்தவும் விட்டது. 2018 மே 22ஆம் தேதி அந்த ஆலையை மூடச் சொல்லிப் போன ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர். அந்த ஊர்வலத்தில் மீனவர்களும் இருந்தார்கள், உப்பளத்துக்காரர்களும் இருந்தார்கள், என் கல்லூரித் தோழர்களும் இருந்தார்கள். இந்த ஊரில் இதுவரை நடந்த மிகப் பெரிய 'சூழல் விழிப்புணர்வு' நிகழ்ச்சி அதுதான். அதற்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை.

2024 பிப்ரவரி 28இல் ஒரே நாளில் இரண்டு அடிக்கல்கள் நாட்டினார்கள். ஒன்று துறைமுகத்தின் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையம், மற்றது குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம். இவை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கட்டுரை. என் கேள்வி சிறியது. கடலைத் தோண்டும் திட்டம் பெரிய அரங்கில் முடிவாகிறது. கடலைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராத பயணி தலையிலும், தீவில் ஒதுங்கிய வள்ளத்துக்காரன் தலையிலும் விழுகிறது. எப்படி? சூழல் சுற்றுலாவுக்கு அரசும் கம்பெனிகளும் ஆசையாகக் கை தட்டுவது இதனால்தான். அது யாரையும் கேள்வி கேட்பதில்லை. கண்ணாடி வழியாகக் கீழேதான் பார்க்கச் சொல்கிறது. தலையை நிமிர்த்தினால் புகைபோக்கி தெரியும்.

6

"சும்மா எல்லாத்தையும் எதிர்க்காதே. நல்ல உதாரணமே இல்லையா?" என்று நண்பன் கேட்டான். இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு என்று ஒரு கிராமம். பாக் நீரிணைக் கரை, அலையாத்திக் காடு. வனத்துறை நடத்துகிறது என்றாலும் படகு ஓட்டுவதும் சமைத்துப் போடுவதும் ஊர்க்காரர்கள். போய்ப் பார்த்திருக்கிறேன். நண்டுக் குழம்பு அருமை. காடு இருந்தால்தான் நண்டு, நண்டு இருந்தால்தான் விருந்தாளி என்பது அந்தச் சமையல்கட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே கயிற்றின் ஒரு நுனியாவது ஊர் கையில் இருக்கிறது.

தாய்லாந்தின் மாயா கடற்கரையைப் பாருங்கள். ஒரு ஹாலிவுட் படத்தால் பிரபலமாகி, கூட்டம் தாங்காமல் பவளம் அழிந்தது. 2018 ஜூனில் மூடினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் மூடியே வைத்தார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது, கடலில் இறங்கக்கூடாது என்ற விதி வந்தது. மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்தன. கடலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் பல சமயம் வராமல் இருப்பதுதான்.

எகிப்தில் செங்கடல் கரையில் ஹுர்கதா என்றொரு ஊர். எங்களைவிட வறண்ட கரை. ஒரு காலத்தில் சின்ன மீனவக் குடியிருப்பு. பவளம் பார்க்க ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்காக விடுதிகள் வந்தன. விடுதிகளுக்காகக் கரையோரத் திட்டுகளை மண் கொட்டி நிரப்பினார்கள். எதைப் பார்க்க வந்தார்களோ அதன் மேலேயே கட்டில் போட்டார்கள்.

அந்த ஊரை வேண்டுமென்றே சொல்கிறேன். எங்கள் ஊரும் காய்ந்த ஊர். வருடத்துக்கு 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிய விஷயம். தென்மேற்குப் பருவமழையை மலை பிடித்துக்கொள்ளும், எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான். அந்த வெயிலும் காற்றும்தான் எங்களை உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருக்கிறது. பெரிய ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டாததால்தான் கடல் தெளிவாக இருக்கிறது, பவளம் வளர்கிறது, சிப்பி பிடித்தது. வறட்சி எங்கள் குறை இல்லை, அதுதான் இந்தக் கடலின் அஸ்திவாரம். அதிலும் இப்போது நம்பிக்கை வைக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

இந்த ஊருக்கு விடுதி வந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அந்தத் தண்ணீரை ஆலைகளுக்குக் கொடுப்பதா, வாழைக்கும் நெல்லுக்கும் கொடுப்பதா என்று வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு நாள் எண்ணிக் குடம் வைக்கிறோம். அறைக்கு அறை ஷவரும், நடுவில் நீச்சல் குளமும் வேண்டுமென்றால் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும். மிஞ்சும் அடர்உப்பு நீரை எங்கே விடுவார்கள்? பவளம் இருக்கும் அதே கடலில்தான்.

'மாற்று வாழ்வாதாரம்' என்ற வார்த்தைக்கும் எங்களுக்குப் பழைய பகை உண்டு. மண்டபம் பக்கம் வெளிநாட்டுக் கடல்பாசி ஒன்றை வளர்க்கச் சொன்னார்கள். கப்பாபைகஸ் என்று பெயர். மீனவப் பெண்களுக்கு வருமானம், கடலுக்கும் கெடுதல் இல்லை என்றார்கள். வருமானம் வந்தது, மறுக்கவில்லை. 2008இல் குருசடைத் தீவின் பவளங்களின் மேல் அந்தப் பாசி போர்வை மாதிரி படர்ந்து கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 'சூழல்' என்று முன்னொட்டு வைத்து வரும் எதையும் நாங்கள் இரண்டு தடவை மோந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

7

எதிர்ப்பதோடு நிறுத்தினால் நண்பன் சொல்வது உண்மையாகிவிடும். எனவே எங்களுக்கு என்ன வேண்டும் என்றும் சொல்கிறேன். எதுவும் புதிதில்லை. பாதி, முத்துக்குளிப்புக் காலத்து வழக்கம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பவளத்தின் மேல் ஒரு சுற்றுலாப் படகும் போகக்கூடாது. விசைப்படகுக்குத் தடைக்காலம் உண்டென்றால் வேடிக்கைப் படகுக்கும் உண்டு. சீசன் திறப்பதற்கு முன் பாரைச் சோதிக்க வேண்டும். ஆராய்ச்சியாளரோடு உள்ளூர்க் குளியாளிகளும் இறங்க வேண்டும். அவர்கள் கண்டதைத் தமிழில் எழுதிப் படகுத்துறையில் ஒட்ட வேண்டும். பார் தேறவில்லை என்றால் அந்த வருடம் சுற்றுலா இல்லை.

வசூலில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்கு. லாபத்தில் இல்லை, வசூலில். லாபம் என்பது கணக்கப்பிள்ளை கையில் இருக்கும் சமாச்சாரம். சிப்பியைக் கண் முன்னால் பிரித்த மாதிரி டிக்கெட் காசையும் பிரியுங்கள்.

படகுத்துறையில் இரண்டாவது பலகை ஒன்றும் வேண்டும். இந்தக் கரையில் எந்த ஆலை, எவ்வளவு தண்ணீரை, என்ன சூட்டில், எதைக் கலந்து இன்று கடலில் விட்டது என்று அதில் எழுத வேண்டும். பவளம் பார்க்க வருகிறவர் அதையும் படித்துவிட்டுப் படகேறட்டும். உண்மையான விழிப்புணர்வு வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, நிறுத்து என்று சொல்லும் உரிமை ஊர்க்கூட்டத்துக்கு வேண்டும். ஆலோசனை சொல்லும் உரிமை இல்லை, நிறுத்தும் உரிமை. கயிறு என்று மாமா சொன்னது இதைத்தான். இது இல்லாமல் முதல் மூன்றையும் கொடுத்தாலும் ஒரு அரசாணையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இது நடக்காது என்று சிரிப்பீர்கள். முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பீர்கள். ஓடட்டும். மூன்று மாதம் காத்திருக்க முடியாதவர், மூன்றில் ஒரு பங்கு கொடுக்க மனசில்லாதவர், ஆலைக் கழிவைப் பற்றிப் பேசப் பயப்படுகிறவர் இந்தக் கடலில் என்ன வியாபாரம் செய்தாலும் எங்களுக்கு நஷ்டம்தான். அப்படிப்பட்டவர்களை நாங்கள் நானூறு ஐந்நூறு வருடமாகப் பார்த்துவிட்டோம்.

நண்பனுக்குக் கடைசியில் எழுதி அனுப்பினேன். ஆயிரம் வார்த்தை வரவில்லை, ஐந்து வரிதான் வந்தது.

"தூத்துக்குடிக்கு வாருங்கள். வெயில் ஜாஸ்தி. ஏப்ரல், மே, ஜூனில் வராதீர்கள், பவளத்துக்கு உடம்பு சரியில்லை. மற்ற நாட்களில் வந்தாலும் அது எப்படி இருக்கிறது என்று முதலில் திரேஸ்புரத்தில் கேளுங்கள். போகலாம் என்றால் போங்கள், வேண்டாம் என்றால் மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்."

படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த மாத வாடகைக்கு மாமாவிடம்தான் கைமாற்று வாங்கினேன்.